பிறந்த குழந்தைக்கு வலிப்பு: பிரசவத்தில் தவறு நடந்ததா? டெல்டா மாவட்டப் பெற்றோருக்கான கேள்வி பதில்

பிறந்த 28 நாளுக்குள் வரும் வலிப்பைப் பற்றியது இந்தப் பக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதலில் குழந்தை, பிறகுதான் வழக்கு. ஆனால் குழந்தையைக் காப்பாற்றவும் நடந்ததைத் தெரிந்துகொள்ளவும் தேவைப்படுவது ஒன்றே: எந்த மணிக்கு என்ன நடந்தது என்ற விவரம். அதை முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள்.

குழந்தை உதறுகிறது. அது வலிப்பா, சும்மா நடுக்கமா?

உதறும் கையையோ காலையோ மெதுவாகப் பிடித்து மடக்கிப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் நடுக்கம்தான். பிடித்த பிறகும் கைக்குள் வெட்டி வெட்டி இழுப்பது தெரிந்தால் வலிப்பு. நடுக்கத்தில் கண் சாதாரணமாக இருக்கும். வலிப்பில் கண் ஒரு பக்கமாகச் செருகி நிற்கலாம். தூக்கத்தில் மட்டும் துள்ளி, எழுப்பியதும் நின்றுவிடுவது பெரும்பாலும் தீங்கற்றது.

பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களைப் போல உடம்பு முழுக்க இழுக்காது. மூளை இன்னும் அந்த அளவுக்கு முதிரவில்லை. அதனால் வலிப்பு ஒளிந்தே வரும்: காரணமில்லாமல் சப்புக் கொட்டும், கண் இமை படபடக்கும், சைக்கிள் மிதிப்பதுபோல் கால் ஓடும், திடீரென்று மூச்சு நின்று உதடு நீலம் பாயும். "பசிக்குது, அதான் சப்புக் கொட்டுது" என்று விடப்படுபவை பல. சந்தேகம் வந்தால் போர்வையை விலக்கி, முகமும் கைகாலும் சேர்ந்து தெரியும்படி போனில் ஒரு நிமிடம் படம் எடுங்கள். மருத்துவர் வருவதற்குள் நின்றுபோகும் வலிப்புக்கு அந்தப் படம்தான் சாட்சி. நடுக்கம்தான் என்று பட்டாலும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை இறங்கினால் நடுக்கமும் வரும், வலிப்பும் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பு வந்தால்?

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதுவும் வேண்டாம், பாலும் வேண்டாம். துணியால் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். தொடங்கிய நேரம், நின்ற நேரம் இரண்டையும் குறியுங்கள்.

கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது, மாந்தம் என்று சொல்லிச் சூடு போடுவது, மந்திரிக்க அழைத்துப் போவது எல்லாமே நேரத்தைத் தின்னும். வசம்பு மூச்சுக் குழலுக்குள் போனால் நுரையீரலும் கெடும். சளிக்கு என்று கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவும் வீடுகள் இன்னும் உண்டு. கற்பூரமே குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். தடவியிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் தேவையற்ற சோதனைகள் பல நடக்கும்.

மருத்துவமனையில் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்க வேண்டும்?

மூச்சுப் பாதை, ஆக்ஸிஜன், உடல் சூடு. அடுத்த நிமிடமே குதிகாலில் குத்தி இரத்தச் சர்க்கரை. 100 மி.லி. இரத்தத்தில் 40-45 மி.கி.க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 மி.லி.; 3 கிலோ குழந்தைக்கு 6 மி.லி. அதோடு நிறுத்தினால் சர்க்கரை மறுபடி இறங்கும். எனவே தொடர்ந்து டிரிப் ஓட வேண்டும், மறுபடி சோதிக்கவும் வேண்டும். இரத்தத்தில் கால்சியம், சோடியம், தொற்றுக்கான பரிசோதனை, தேவையானால் முதுகுத் தண்டு நீர். கால்சியம் குறைவாக இருந்தால் கால்சியம் குளுக்கோனேட்டை இதயத் துடிப்பைப் பார்த்தபடி மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

வலிப்பு நீடித்தால் முதல் மருந்து பீனோபார்பிட்டோன், கிலோவுக்கு 20 மி.கி., சுமார் 20 நிமிடத்தில். 3 கிலோவுக்கு 60 மி.கி. நிற்காவிட்டால் மேலும் கொடுப்பார்கள். மொத்தம் கிலோவுக்கு 40 மி.கி. வரை போகும். இந்த மருந்து மூச்சை மந்தமாக்கும். அதனால் மூச்சுக்கு ஆதரவு தரும் வசதி பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மருந்துக்குப் பிறகு உதறல் நின்றாலும் மூளைக்குள் மின் வலிப்பு ஓடிக்கொண்டே இருக்கலாம். அதை மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை மட்டுமே காட்டும்.

எதனால் வருகிறது?

எந்த நாளில் வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் முதல் சந்தேகம், பிரசவத்தை ஒட்டி மூளைக்கு இரத்தமும் ஆக்ஸிஜனும் குறைந்தது. பிறந்த குழந்தை வலிப்புக்கு உலகெங்கும் முதல் காரணம் இதுதான். முதல் இரண்டு மூன்று நாளில் சர்க்கரை இறக்கம்: எடை குறைந்த குழந்தை, தாய்க்குச் சர்க்கரை நோய், தாய்ப்பால் தாமதம் ஆகியவை இருந்தால் இதை எதிர்பார்த்தே சோதித்திருக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு, அதுவும் பசும்பால் கொடுத்த குழந்தைக்கு, கால்சியம் குறைவு. எந்த நாளிலும் மூளைக்காய்ச்சல், மூளைக்குள் இரத்தக்கசிவு, பக்கவாதம்.

சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் நம் பக்கம் அதிகம். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிய குடும்பத்தில், பிறக்கும்போது நன்றாக அழுது, பால் குடிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் துவண்டு வலிப்பு வந்தால் பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாட்டை, அதாவது உணவை உடம்பு சரியாக மாற்றிப் பயன்படுத்த முடியாத நிலையைத் தேட வேண்டும்: இரத்தத்தில் அம்மோனியா, லாக்டேட். எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்புக்கு வைட்டமின் பி6 ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு அது ஒன்றே மருந்து. முன்பு ஒரு பிள்ளை இப்படி இறந்திருந்தால் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

"பிள்ளை தண்ணி குடிச்சிருச்சு", "கொடி சுத்திக்கிச்சு" என்றார்கள். அதுதான் காரணமா?

இந்த இரண்டு பதில்களும் பாதிப் பதில்கள்தான். கொடி கழுத்தில் சுற்றியிருப்பது நான்கைந்து பிரசவத்தில் ஒன்றில் காணப்படும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குழந்தை உள்ளேயே மலம் கழித்து அது பனிக்குட நீரில் கலப்பதும் அரிதல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது? நீர் தெளிவாக இருந்ததா, பச்சையாகவா? பச்சை என்று தெரிந்த பிறகு குழந்தையின் இதயத் துடிப்பை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள்? துடிப்பு இறங்கியிருந்தால் என்ன செய்தார்கள்? "தண்ணி குடித்தது" என்பது நடந்தது என்ன என்று சொல்கிறது. அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது தெரிந்ததா என்று சொல்வதில்லை.

பிரசவ அறையில் தவறு எங்கே நேரும்?

பெரும்பாலும் நான்கைந்து இடங்களில்தான்.

முதலாவது, துடிப்பு கேட்காமல் விடுவது. குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வலி முறையாகத் தொடங்கிய பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு எழுத வேண்டும். பார்ட்டோகிராம் என்ற வரைபடத் தாள் இதற்காகவே இருக்கிறது. கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எவ்வளவு இறங்கியது, துடிப்பு, வலி எல்லாம் அதில் மணிவாரியாக ஏறும். பிரசவம் முடிந்த பிறகு ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பிய பார்ட்டோகிராம் பார்த்தாலே தெரியும்: எல்லாத் துடிப்பும் 140, எல்லா வலியும் ஒரே அளவு.

இரண்டாவது, வலி டிரிப்ஸ். ஆக்ஸிடோசினை மிகக் குறைந்த சொட்டில் தொடங்கி, படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால், அல்லது துடிப்பு இறங்கினால், டிரிப்பை நிறுத்த வேண்டும். காரணம் எளிது: ஒவ்வொரு வலியிலும் குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, இரண்டு வலிக்கு நடுவில்தான் அது மூச்சு வாங்குகிறது. இடைவெளியே இல்லாவிட்டால் மூச்சும் இல்லை. தசையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி, இரத்தப்போக்கைத் தடுக்கக் குழந்தை பிறந்த பிறகு தாய்க்குப் போடுவது. பிரசவத்தை விரைவுபடுத்த அதை முன்கூட்டியே போடுவது ஆபத்தான பழக்கம், கருப்பையே கிழியலாம். வயிற்றின் மேல் ஏறி அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவதையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, சிசேரியன் முடிவும் தாமதமும். தொப்புள்கொடி முன்னால் நழுவுவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது போன்ற உயிர் ஆபத்தில், முடிவெடுத்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பது பரவலாக வைக்கப்படும் இலக்கு. மயக்க மருந்து மருத்துவர் வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்ற நிலை சிறு மருத்துவமனைகளில் சகஜம். அப்படியானால் ஆபத்துள்ள தாயை முன்பே பெரிய இடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்ற கேள்வி எழும்.

நான்காவது, பிறந்த முதல் நிமிடம். அழாத, மூச்சு விடாத குழந்தையைத் துடைத்துத் தூண்டியும் பலனில்லை என்றால் 60 நொடிக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் தட்டுவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் அந்த நிமிடத்தை வீணாக்கும். பை கிழிந்திருந்தது, முகமூடி அளவு பொருந்தவில்லை என்பதெல்லாம் மன்னிக்கக்கூடிய காரணமல்ல. ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்பும் சரிபார்க்க வேண்டிய பொருள்கள் அவை.

வேக்குவம் (தலையில் ஒட்டி இழுக்கும் உறிஞ்சு கோப்பை) வைத்து, ஆயுதம் போட்டு எடுத்ததால் வலிப்பு வருமா?

வரலாம், எப்போதும் அல்ல. கோப்பை இரண்டு மூன்று முறை கழன்ற பிறகும் விடாமல் இழுத்திருந்தால், உச்சித்தோலுக்கு அடியில் இரத்தம் தேங்கும். தலை மெத்தென்று ஊறிக் காது வரை வீக்கம் இறங்கும், குழந்தை வெளுக்கும். இந்தக் கசிவு உயிரையே எடுக்கும். எனவே கருவி போட்ட குழந்தையின் தலைச் சுற்றளவையும் துடிப்பையும் முதல் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் பிறந்ததும் வைட்டமின் கே 1 மி.கி. ஊசி போட வேண்டும். எடை 1 கிலோவுக்குக் குறைந்தால் அளவு அரை மி.கி. ஆகும். இந்த ஊசி போட்டார்களா என்று சம்மரியில் பாருங்கள்.

அப்படியென்றால் வலிப்பு வந்தாலே கவனக்குறைவுதானா?

இல்லை. இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆத்திரத்தில் எடுக்கும் முடிவு பெற்றோரையே வீழ்த்தும். நஞ்சுக்கொடி திடீரென்று பிரியலாம். குழந்தைக்குக் கருவிலேயே பக்கவாதம் வந்திருக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தும் முடிவு மோசமாகலாம்.

சட்டம் பார்ப்பது மூன்றை: கவனிக்கும் கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, அந்த மீறலால்தான் பாதிப்பு வந்ததா. அதே துறையில் சராசரித் திறமை உள்ளவர் அந்தச் சூழலில் செய்திருப்பதைச் செய்தாரா என்பதே அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் விரிவாகச் சொன்னது. மூன்றாவது கேள்வியில்தான் பல வழக்குகள் சறுக்கும். பார்ட்டோகிராம் எழுதவில்லை என்று காட்டிவிடலாம், ஆனால் எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பிறவி அமைப்புக் கோளாறு தெரிந்தால் வழக்கு நிற்காது.

மூச்சுத் திணறலால்தான் என்று சொல்ல மருத்துவர்கள் பல தடயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள்: 5-ஆம், 10-ஆம் நிமிட ஆப்கார் மதிப்பெண் (பிறந்த குழந்தையின் நிலைக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்) 5-க்குக் கீழே, தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.0-க்குக் கீழே, சிறுநீரகம், கல்லீரல், இதயம் சேர்ந்து பாதித்தது, எம்.ஆர்.ஐ.யில் அதற்குரிய தடம். தொப்புள்கொடி இரத்தப் பரிசோதனை நம் பக்கத்தில் பல இடங்களில் செய்யப்படுவதில்லை. குழந்தையின் முதல் மணி நேர இரத்த வாயுச் சோதனையைக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. எப்போது எடுப்பது நல்லது?

நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அதற்குள் தலை அல்ட்ராசவுண்டு எடுத்தால் பெரிய இரத்தக்கசிவு தெரியும். மூளையின் ஆழத்து முடிச்சுகள் பாதித்திருந்தால் இரத்த ஓட்டம் திடீரென்று முற்றாகத் தடைபட்டிருக்கலாம். இரண்டு இரத்தக் குழாய்ப் பரப்புகளின் எல்லைப் பகுதி பாதித்திருந்தால் குறைவான ஓட்டம் நெடுநேரம் நீடித்திருக்கலாம். படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

"குளிர்விப்பு சிகிச்சை கொடுக்கவில்லை" என்று வழக்குப் போடலாமா?

பணக்கார நாடுகளில் மூச்சுத் திணறிய குழந்தையைப் பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் 33-34 டிகிரி செல்சியஸில் வைப்பது வழக்கம். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வில், குளிர்விப்பு இறப்பையோ ஊனத்தையோ குறைக்கவில்லை, இறப்பு கூடியது. எனவே இதைச் செய்யாததை மட்டும் கவனக்குறைவு என்று சொல்வது கடினம். இணையத்தில் அமெரிக்க வழக்கறிஞர்களின் பக்கங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ போவது நீண்ட பயணம். கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள்: சர்க்கரை சோதித்தாயிற்றா, வலிப்பு அடங்கியதா, குழந்தை சூடாக இருக்கிறதா. ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனும் பையும் முகமூடியும் வேண்டும். போகும் இடத்தில் கட்டில் இருக்கிறதா என்று அனுப்பும் மருத்துவரே போனில் பேச வேண்டும். பரிந்துரைச் சீட்டில் பிறந்த நேரம், ஆப்கார், வலிப்பு தொடங்கிய நேரம், கொடுத்த மருந்தும் அளவும் இருக்க வேண்டும். பீனோபார்பிட்டோன் கொடுத்ததை எழுதாமல் அனுப்பினால் அடுத்த இடத்தில் மறுபடி முழு அளவு ஏறும் அபாயம் உண்டு.

அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, வாகனம் எல்லாம் இலவசம். பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எந்தெந்தக் காகிதம் வாங்க வேண்டும்? எப்படி?

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. தாயின் முழு கேஸ் ஷீட், பார்ட்டோகிராம், சி.டி.ஜி. தாள் (குழந்தையின் துடிப்பையும் வலியையும் இயந்திரம் பதிந்த தாள்), மருந்து அட்டவணை, செவிலியர் குறிப்பு, சிசேரியன் என்றால் மயக்க மருந்துக் குறிப்பு, குழந்தையின் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாள்கள் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்.

சி.டி.ஜி. தாள் சூட்டில் அச்சாகும் காகிதம். நம் ஊர் வெயிலில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். கையில் கிடைத்த அன்றே நகல் எடுத்து, படமும் எடுத்து வையுங்கள்.

அரசு மருத்துவமனையில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) உள்ள தாய்-சேய் நலப் புத்தகத்தை யாரிடமும் மூலமாகக் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை எல்லாம் அதில்தான் இருக்கும்.

எங்கே புகார் செய்வது? எத்தனை நாளுக்குள்?

தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மருத்துவமனை வேறு ஊரில் இருந்தாலும் சரி. காலக்கெடு இரண்டு ஆண்டு. பிள்ளை மைனர்தானே, பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம் ரூபாய். இது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைக் குறிக்கும். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் தாக்கல் கட்டணம் இல்லை.

எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை, 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே உரிமையியல் வழக்கு அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்கும் போக வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றிருந்தால் வழி மாறலாம். அந்த விவரத்தை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அரசு மருத்துவமனை என்பதாலேயே பொறுப்பு இல்லாமல் போகாது. குறைமாதக் குழந்தையின் கண்ணைச் சோதிக்காமல் விட்டதால் பார்வை போன வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசுத் தரப்புக்கு எதிராக சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனை பற்றி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். இங்கே பணம் கிடைக்காது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

போலீஸில் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் குற்ற வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும், சுயேச்சையான மருத்துவக் கருத்தும் வேண்டும். மருத்துவமனை முன் மறியல் செய்வதாலோ கண்ணாடியை உடைப்பதாலோ உங்கள் மேல்தான் வழக்கு வரும். ஆவணம் கேட்கும் வாசலும் அடைபடும். குழந்தை இறந்திருந்தால், அந்த நேரத்தில் கேட்பது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தே சொல்கிறோம்: பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். அது இல்லாமல் காரணத்தை நிறுவுவது பெரும்பாடு.

வீட்டுக்கு வந்தாயிற்று. இனி?

நரம்புப் பரிசோதனை சரியாக இருந்தால் வலிப்பு மருந்தைப் பெரும்பாலும் வீட்டுக்குப் போகும் முன்பே நிறுத்திவிடுவார்கள். தொடரச் சொன்னால் நீங்களாக நிறுத்தாதீர்கள். 3, 6, 9, 12, 18, 24 மாதங்களில் காட்டுங்கள். தலைச் சுற்றளவு, காது கேட்கும் சோதனை, கண் மூன்றும் தவறக்கூடாது. மூன்று மாதத்துக்குப் பிறகும் கைமுஷ்டி இறுகியே இருந்தால், ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பயிற்சியை உடனே தொடங்குங்கள். நான்கைந்து மாத வாக்கில், தூங்கி எழுந்ததும் தலை குனிந்து கை விரிந்து அடுத்தடுத்துக் குலுங்கினால் அது வேறு வகை வலிப்பு. ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

அடுத்த பிரசவத்துக்கு என்ன முன்னேற்பாடு?

முதல் குழந்தையின் சிகிச்சை ஆவணங்களை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் பரம்பரைக் குறைபாடு என்று சந்தேகம் இருந்தால் கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசனை. இறந்த குழந்தையின் இரத்தத்தை எடுத்து வைத்திருந்தால் மரபணுச் சோதனை சாத்தியமாகும். சிசேரியனும் இரத்த வங்கியும் குழந்தைத் தீவிர சிகிச்சையும் 24 மணி நேரமும் உள்ள சீமாங்க் மையத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால், கடலோரத்தில், ஆற்றங்கரையில் இருப்பவர்கள் புயல் எச்சரிக்கைக்குக் காத்திராமல் ஒரு வாரம் முன்பே ஊருக்குள் வந்து தங்குங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது விழுந்த மரங்கள் சாலைகளை மறித்துவிட்டன.